மாவு நான் கொண்டுவருகிறேன்

மாவுக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டேன். போடாவிட்டால் வண்டி கத்துகிறது. முன் சீட்டில் கனமாக எதை வைத்தாலும் ஆள் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டிங் டிங்கென்று உயிரை வாங்குகிற வண்டி இது. கோயம்புத்தூரிலிருந்து கிணத்துக்கடவு வரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஓரங்கட்டி, பெல்ட்டை இழுத்து, தூக்குப்போசியின் கைப்பிடிக்குள் விட்டு மாட்டினேன், வாயை மூடிக்கொண்டது. மூடி போட்ட எவர்சில்வர் போசி, உள்ளே பதினோரு பேருக்கு இரண்டு வேளைக்குக் காணும் இட்லி மாவு. பதினாலு வருடம் இந்த மாதிரி முன் சீட்டில் உட்கார்ந்து இந்த மலை ஏறியவள் நான். போசி என் இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கும், ஒவ்வொரு வளைவிலும் முழங்காலால் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன், ஸ்டீயரிங்கில் அவர் இருப்பார், என் கணவராக இருந்தவர். இப்போது என் இடத்தில் மாவு, அவர் இடத்தில் நான். லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம் ஆகிறது, இதுவரை ஏறிய பெரிய மேடு உக்கடம் மேம்பாலம், இன்றைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஆழியாறு செக்போஸ்ட்டில் மீசைக்காரர் ஒருவர் குனிந்து பார்த்தார். “தனியாவாங்க்கா போறீங்க?” “ஆமாங்க.” “பாட்டிலு, பிளாஸ்டிக்கு ஏதாச்சும்?” “இல்லீங்க.” “போசீல என்னங்க?” “மாவுங்க.” பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த போசியை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார், திறந்து காட்டச் சொன்னார், காட்டினேன். “நல்லாப் பொங்கியிருக்குதுங்க. மேல போற வரைக்கும் தாங்காது, பாத்துக்கோங்க” என்றார். நானும் தாங்குவேனா என்றுதான் பார்க்கப் போகிறேன்.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் கடைசி சனி ஞாயிறு வால்பாறையில் ஹெலன் வீட்டில் எல்லோரும் கூடுவோம். ஹெலன் அங்கே பள்ளிக்கூட டீச்சர், அவள் கணவர் ஜோயல் எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசர், கம்பெனி கொடுத்த வீடு, முன்னால் தேயிலை, பின்னால் தேயிலை. அந்தக் குளிருக்கு அங்கே மாவு புளிக்காது, இரண்டு நாள் வைத்தாலும் ஆட்டிய அன்றைக்கு இருந்தபடியே கிடக்கும், அதனால் கீழேயிருந்து வருகிறவர்கள்தான் பொங்கிய மாவைக் கொண்டுபோக வேண்டும், அது என் வேலை, முதல் வருடத்திலிருந்தே என் வேலை. போன ஜனவரி நான் போகவில்லை. விவாகரத்துக் கேஸ் நடந்துகொண்டிருந்தது, எவர் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் நான் இல்லாமல் ஒரு புது வாட்ஸப் குரூப் ஆரம்பித்திருக்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், போன வாரம் பழைய குரூப்பில், ‘வால்பாறை வானரங்கள்’ என்று நான் பேர் வைத்த குரூப்பில், ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரு குட்மார்னிங்கூட விழாத இடத்தில், திடீரென்று ஹெலன் கேட்கிறாள், இந்தத் தடவ மாவு யாரு கொண்டு வர்றீங்க என்று. இடம் மாறிப் போட்டுவிட்டாள். நாலே நிமிடம், அழித்துவிட்டாள். அழித்த இடத்தில் அழித்ததாக ஒரு வரி நிற்குமே, அதை எப்படி அழிப்பாள். நான் கல்லூரி ஆபீசில் இருந்தேன், மேஜை நிறைய பரீட்சை விண்ணப்பங்கள், அழுகை வரும் என்று நினைத்தேன், வந்தது கோபம். இந்தத் தடவை என்றால், போன தடவை யார் கொண்டுபோனார்கள்? பாக்கெட் மாவு வாங்கியிருப்பார்கள். ஹெலன் வீட்டு இட்லிப் பானையில் பாக்கெட் மாவு. அதுதான் என்னை உசுப்பிவிட்டது. அழிந்த வரிக்குக் கீழே டைப் செய்தேன், மாவு நான் கொண்டுவருகிறேன். ஏழு பேரும் பார்த்துவிட்டதாகக் காட்டியது, ஒருத்தர் வாய் திறக்கவில்லை. என் கணவராக இருந்தவரின் சிநேகிதர் நந்தகோபால் மட்டும் ஒரு கட்டைவிரலைப் போட்டார், போட்ட கையோடு எடுத்தும்விட்டார். நேற்றுக் காலையில் அரிசியை ஊறப்போட்டேன்.

இரண்டாவது வளைவில் போன் அடிக்கிறது. திரையில் ஹெலன். எடுக்கக் கூடாது, வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது, சட்டம். நல்ல சட்டம், இவ்வளவு நாள் இதன் அருமை எனக்குத் தெரியவில்லை. எடுத்தால் வராதே என்பாள். அவள் வாயால் அதைக் கேட்காதவரை நான் சும்மா ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போகிறவள், கேட்டுவிட்டால் அழையாத விருந்தாளி, அதனால் அடிக்கட்டும், அடித்து ஓயட்டும். கிளட்ச்சை மிதி, இரண்டிலிருந்து ஒன்றுக்கு வா, ஹாரன் அடி, வெளிப்பக்கம் அகலமாகப் போய் உள்ளே திருப்பு. காந்திபுரத்து டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சொல்வார், “கிளட்ச்சும் ஆக்சிலேட்டரும் புருசன் பொண்டாட்டி மாதிரிங்க மேடம், ஒண்ணு எறங்கறப்ப ஒண்ணு ஏறோணும்.” ரெண்டும் சேர்ந்து எறங்கினா என்று கேட்டேன். “வண்டி நின்னு போயிருமுங்க” என்றார். நின்னுதான் போச்சுங்க மாஸ்டர் என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை, பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. இடது பக்கம் ஆழியாறு அணை கீழே கீழே போகிறது, பார்க்காதே, பார்க்காதே என்றால் கண் அங்கேதான் போகிறது. நாலாவது வளைவில் போன் வாயடைத்துப் போயிற்று. சிக்னல் இல்லை. அப்பாடா என்றிருக்கிறது, அடுத்த நொடியே திகிலாகவும் இருக்கிறது, இப்போது வண்டி நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவேன், அவரையா? பழக்கத்தில் முதலில் அவர் நம்பர்தான் ஞாபகம் வருகிறது, அது என் தப்பில்லை, பதினாலு வருடத்துத் தப்பு.

எல்லாவற்றையும் பிரித்தோம். வக்கீல் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார், பீரோ, கட்டில், டிவி, கிரைண்டர். டிவி அவருக்கு, கிரைண்டர் எனக்கு. குழந்தை இல்லாதது நல்லதாப் போச்சு, சுலபமா முடிஞ்சுது என்றார் வக்கீல், அந்த ஆளை அங்கேயே ஒரு அறை விட்டிருக்க வேண்டும், விடவில்லை, தலையாட்டினேன். நண்பர்களை அந்தத் தாளில் யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஹெலன் எனக்குத்தான். நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும், யாருக்கு யார் முதலில்? பதினெட்டு வயதில் ஹாஸ்டலில் ஒரே அறை, அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தது நான், ஜோயலைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று அவள் அப்பா குதித்தபோது ரிஜிஸ்டர் ஆபீசில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான். ஹெலன் வீட்டுக்குள் அவர் முதன்முதலில் காலெடுத்து வைத்தபோது என்ன பேர்? சுகந்தியோட வீட்டுக்காரர். அவ்வளவுதான். பிறகு அவர் ஜோயலோடு பேட்மின்டன் ஆடினார், அவர்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை ரிப்பேர் செய்தார், சீட்டுக்கச்சேரி, பாட்டு, ஆளை ஆள் கலாய்ப்பது. பொய் சொல்லக் கூடாது, அவர் இருந்தால் வீடு கலகலப்பாக இருக்கும், நான் இருந்தால் இட்லி இருக்கும். அதனால்தான் அவரை வைத்துக்கொண்டார்கள் போல. கலகலப்பு கடையில் கிடைக்காது, மாவு கிடைக்கும். இதை இப்படி நினைக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் வந்தால் ரோடு தெரியாது. அவருக்கு ஷர்மிளா என்று ஒரு பெண், மில் ஆபீசில் கூட வேலை செய்கிறவள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பொய், இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் புருஷன் போனது ஒரு துக்கம், அதற்கு ஒரு கேஸ் உண்டு, தேதி உண்டு, தீர்ப்பு உண்டு. சிநேகிதி போவதற்கு எந்தக் கோர்ட்டுக்குப் போவது? தீர்ப்பு வந்து ஏழு மாதமாக ஹெலன் எனக்குத் தானாக ஒரு போன் செய்யவில்லை. இன்றைக்குக் காலையில் செய்ததுதான்.

எட்டோ ஒன்பதோ, எண் பலகையைப் பார்க்க நேரமில்லை, வளைவில் பாதி திரும்பும்போது மேலேயிருந்து ஒரு பெரிய வெள்ளைக் கார் என் பக்கத்திலேயே இறங்கி வந்து மூக்கோடு மூக்காக நிற்கிறது. கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்த ஆள், வாயைத் திறந்து சொல்லக்கூட இல்லை, விரலை ஆட்டுகிறான், பின்னால் போ, பின்னால் போ. என் கை தானாக கியருக்குப் போகிறது. நாற்பத்தொரு வயதில் இந்தக் கைக்கு எவன் விரல் ஆட்டினாலும் கேட்கிற புத்தி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, சரிங்க, ஆகட்டுங்க, பரவாயில்லீங்க, நானே ஒதுங்கிக்கறேனுங்க. பின்னால் என்ன இருக்கிறது? தடுப்புச் சுவர், முழங்கால் உயரம், அதற்கப்புறம் ஆகாசம். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், அடிவாரத்தில் பலகையே வைத்திருக்கிறார்கள். ஏறுகிறவனுக்குத்தான் கஷ்டம் அதிகம் என்று தெரிந்த யாரோ எழுதிய சட்டம். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இன்ஜினை அணைத்தேன். கையைக் கட்டிக்கொண்டேன். அவன் ஹாரனில் ஏறி உட்கார்ந்துவிட்டான். ஆனாலும் சொல்கிறேன், இந்த ஏழு மாதத்தில் நான் இவ்வளவு சுகமாக எங்கேயும் உட்காரவில்லை. பின்னால் வால்பாறை பஸ் வந்து நிற்கிறது, டிரைவர் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டுக் கத்துகிறார், “அக்கா, நீங்க நவுராதீங்க! ஏறுற வண்டிக்குத்தான் வழி! ஏப்பா, கண்ணாடி, பின்னால எடு, மல ரோடு தெரியாதவனெல்லாம் எதுக்குப்பா காரெடுத்துட்டு வர்றே?” பஸ்ஸிலிருந்து நாலு பேர் சேர்ந்துகொள்கிறார்கள், கண்டக்டர் விசிலே ஊதிவிட்டார். வெள்ளைக் கார் முனகிக்கொண்டே பின்னால் போகிறது. நான் ஜெயித்துவிட்டேன், இப்போது கிளப்ப வேண்டும், மேட்டில், வளைவில், ஒரு பஸ் ஜனம் பார்க்க. முதல் தடவை நின்றுவிட்டது. இரண்டாம் தடவை ஒரு குலுங்கு குலுங்கி நின்றது, போசி மூடி டொக்கென்று தூக்கிப் போட்டது. புருசன் பொண்டாட்டி, புருசன் பொண்டாட்டி, ஒன்று இறங்கும்போது ஒன்று ஏற வேண்டும், மெதுவாக, மெதுவாக, பிரேக்கை விடு. ஏறிவிட்டது. பின்னால் பஸ் இரண்டு தரம் ஹாரன் அடிக்கிறது, அது கைதட்டல். வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சத்தம் போட்டுச் சிரிக்கிறேன்.

அட்டகட்டி டீக்கடையில் நிறுத்தியபோது மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பெல்ட்டில் வழிந்திருந்தது. மீசைக்காரர் சொன்னது சரி. டீக்கடை அம்மாளிடம் ஒரு சொம்பு கேட்டு, மேலாக இருந்ததை அள்ளி அவருக்கே கொடுத்தேன். “மாவு யாவாரமா கண்ணு?” என்றார். “இல்லீங்கம்மா, சிநேகிதி வீட்டுக்கு.” “குடுத்து வெச்ச சிநேகிதி” என்று உள்ளே போனார். போன் உயிர் வந்து துடிக்கிறது, ஹெலன், ஹெலன், ஹெலன், மூன்று தவறிய அழைப்பு, நாலாவது கையிலேயே அடிக்கிறது. வண்டி நின்றுகொண்டிருக்கிறது, ஒளிந்துகொள்ள இப்போது சட்டமும் இல்லை. எடுத்தேன். “எங்கடி இருக்க?” “அட்டகட்டி.” “யாரு கூட?” “மாவு கூட.” “நீயாவா ஓட்டிட்டு வர்ற? லூசாடி நீ? அந்த ரோட்டுலயா?” அந்தக் குரலில் பயமும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது, அது என் பழைய ஹெலன், காமாலைக் கண்ணோடு என்னைத் திட்டின ஹெலன், அந்த ஒரு நொடிக்கு நாற்பது வளைவும் தகும் என்று நினைத்தேன். அப்புறம் குரல் இறங்கியது, அறையை விட்டு வெளியே வந்து பேசுகிறாள் போல. “சுகு, மகுடு வந்திருக்கார்டி.” அவரைத்தான் சொல்கிறாள். “நேத்தே வந்துட்டார். அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வந்திருக்கார்.” “சரி.” “என்னடி சரி? எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சியா? எல்லாரும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்காங்க, ஜோயல் எங்கிட்டக் கத்தறார், நீதான் மெசேஜ் போட்டு வரவச்சேன்னு. நான் யாரு பக்கமும் இல்லடி.” “தெரியும்.” “ஒண்ணு பண்ணு சுகு. கோவிச்சுக்காத. இன்னைக்குத் திரும்பிப் போயிடு. அடுத்த வாரம் நீ தனியா வா. நாம ரெண்டு பேரு மட்டும், நிம்மதியா பேசலாம்.”

அடுத்த வாரம் நீ தனியா வா. இது என் வாக்கியம். ஒரு எழுத்து மாறாமல் இதே வாக்கியத்தை நான் ஒருத்திக்குச் சொல்லியிருக்கிறேன், ஏழு வருடத்துக்கு முன்னால், மீனலோசனிக்கு, நந்தகோபாலின் மனைவியாக இருந்தவளுக்கு. அவர்கள் பிரிந்த வருடம். நந்தகோபால் வருவார், அவளும் வந்தால் எல்லாருக்கும் சங்கடம், நாம் யார் பக்கமும் இல்லை, ஆனால் இரண்டு பேரும் எப்படி வர முடியும் என்று பேசினோம். நந்தகோபால் நமக்குப் பழக்கம், அவர் சீட்டுக்கு வேண்டும், மீனா சும்மா சிரித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறவள், அவள் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது. யார் சொல்வது என்று வந்தபோது நீயே சொல்லு, நீதான் பக்குவமாப் பேசுவ என்றார்கள், எனக்கும் அதில் ஒரு பெருமை, பக்குவமாகத்தான் சொன்னேன். இந்த வாரம் வேண்டாம் மீனா, அடுத்த வாரம் நீ தனியா வா, நாம நிம்மதியா பேசலாம். “சரிக்கா” என்றாள். குரூப்பிலிருந்து அவள் பேரை எடுத்ததும் நான்தான், ஒரு விரல் வேலை. அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. அவளைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு மாதம் நினைத்தேன், பிறகு நினைப்பதையும் விட்டுவிட்டேன். ஒருநாள் கிராஸ்கட் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் அவள் நின்றாள், மெலிந்து போயிருந்தாள், நான் தொங்கவிட்ட புடவைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன், அவள் போகிற வரைக்கும் ஒரு பச்சைப் புடவையின் முந்தானையைப் பார்த்துக்கொண்டே. என்னை விட்டுவிட்டார்கள், என்னை விட்டுவிட்டார்கள் என்று காலையிலிருந்து இந்த மலையில் புலம்பிக்கொண்டு வருகிறேனே, எனக்கு இந்த வேலை தெரியாதா? நான் செய்த வேலைதானே இது? வெட்கமாக இருந்தது. மாவு பிசுபிசுத்த கையைப் பார்த்துக்கொண்டு அந்த டீக்கடை பெஞ்சில் வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தேன், ஹெலன் போனில் சுகு, சுகு, லைன்ல இருக்கியா என்கிறாள். வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பிப் போவதா? நான் செய்ததையே எனக்கும் செய்யட்டும் என்று தலை குனிவதா? அப்படிப் போனால் மீனாவுக்கு என்ன வந்துவிடும், ஒன்றும் வராது, அடுத்து எவளோ ஒருத்திக்கு இதே அடுத்த வாரம் போய்ச் சேரும், அவ்வளவுதான். “இருக்கேன். ஹெலன், அந்த அடுத்த வாரம் எப்பவும் வராது. எனக்குத் தெரியும், நான் மீனாவுக்கு அதத்தான் சொன்னேன். நீ அப்பப் பக்கத்துல நின்னே.” பெஞ்சை விட்டு எழுந்தேன். “நான் இந்த வாரமே வர்றேன். அவரும் இருக்கட்டும், அந்தப் பொண்ணும் இருக்கட்டும், மாவு எல்லாருக்கும் காணும். உங்கிட்ட நான் கேக்கல, சொல்றேன்.” வைத்துவிட்டேன். வைத்த கையோடு இன்னொரு நம்பரைத் தேடினேன், ‘மீனா நந்து’ என்றே இருக்கிறது, அவளுக்கு அந்த இரண்டாம் பேர் போய் ஏழு வருடம் ஆயிற்று, என் போனில் போகவில்லை. கூப்பிட்டேன். முழுதும் அடித்து நின்றது. எடுக்காதது அவள் இஷ்டம், அவள் எடுக்காமல் இருப்பது நியாயம்தான். திங்கட்கிழமை மறுபடி கூப்பிடுவேன், செவ்வாய்க்கிழமையும் கூப்பிடுவேன். ‘நந்து’வை மட்டும் அழித்தேன்.

மிச்ச வளைவுகளை எண்ணவில்லை. கை பழகிவிட்டது, உடம்பு தானாகச் சாய்கிறது, பயம் எங்கேயும் போய்விடவில்லை, பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு வரட்டும். கவர்க்கல்லில் மூடுபனி இறங்கி ரோடே காணவில்லை, விளக்கைப் போட்டுக்கொண்டு வெள்ளைக் கோட்டைப் பிடித்தபடி ஊர்கிறேன், எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாது, அந்த வீட்டில் என்ன பேசப்போகிறேன் என்றும் தெரியாது. உள்ளே போனதும் எல்லோரும் எழுந்திருப்பார்களா, உட்கார்ந்தே இருப்பார்களா, அந்த ஷர்மிளா எந்த நாற்காலியில் இருப்பாள், என்ன நிறம், எத்தனை வயசு, வணக்கம் என்று சொல்வாளோ, அக்கா என்று கூப்பிட்டுத் தொலைத்துவிடுவாளோ. அக்கா என்றால் என்ன செய்வது? சாப்பிட வாம்மா என்று சொல்லிவிடுவேன், சொல்ல முடியுமா, பார்ப்போம். ஜோயல் முகத்தைத் திருப்பினால்? திருப்பட்டும், அவர் கல்யாணப் பத்திரத்தில் என் கையெழுத்து இருக்கிறது. ஹெலன் அழுதால்தான் கஷ்டம், அவள் அழுதால் நானும் அழுதுவிடுவேன், வேறு யாருக்கும் இன்றைக்கு என் கண்ணீர் கிடையாது. பனி விலகுகிறது, ரொட்டிக்கடை தாண்டிவிட்டது, தேயிலை இரண்டு பக்கமும் பளபளவென்று நனைந்து கிடக்கிறது, இது எனக்கும் ஊர்தான், பதினாலு வருடம் வந்த ஊர், இதை யாரும் ஒரு தாளில் எழுதி யாருக்கும் கொடுத்துவிடவில்லை. குளிர்கிறது, கண்ணாடியை இறக்கியே வைத்திருக்கிறேன். பசிக்கிறது. பயத்திலும் பசிக்கிறது என்பது நல்ல விஷயம்தான்.

வீட்டு கேட் முன்னால் ஹெலன் ஷாலை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கிறாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, மூக்கு சிவந்திருக்கிறது. இரட்டைக் கதவில் ஒன்றை மட்டும் திறந்து கையில் பிடித்திருக்கிறாள். குனிந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள், என்னை, பெல்ட் போட்ட போசியை, மறுபடி என்னை. சிரிப்பு வந்துவிடும் போல உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். “வண்டிய வெளியவே நந்து கார் பின்னால நிறுத்திட்டு நடந்து வா, சுகு.” வெளியே நிறுத்தினால் எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடலாம், அதைத்தான் சொல்கிறாள், கெட்ட எண்ணத்தில் இல்லை, எனக்கு ஒரு வழி விட்டு வைக்கிறாள். “இல்ல. உள்ளயே விடறேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இருக்கப் போறேன்.” நிற்கிறாள். நானும் இன்ஜினை ஓடவிட்டு நிற்கிறேன். வராந்தாவில் நாலைந்து தலை தெரிகிறது. நான் ஹாரன் அடிக்கவில்லை, கெஞ்சவும் இல்லை, இருபத்திமூன்று வருடத்துச் சிநேகிதம், அவளாகச் செய்ய வேண்டிய வேலை இது ஒன்று பாக்கி இருக்கிறது. ஹெலன் மூக்கை ஷாலில் துடைத்துக்கொண்டு நடந்து போய் மற்றக் கதவின் தாழ்ப்பாளைத் தூக்குகிறாள், ஈரத்தில் இறுகிக் கிடக்கிறது, இரண்டு கையாலும் இழுத்துத் தள்ளித் திறந்துவிடுகிறாள். முதல் கியர். சின்ன மேடு, ஒரு வண்டி அகலம்தான் பாதை, முன்னால் அவருடைய கார். அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல் கொண்டுபோய் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். நான் எடுக்காமல் அவர் கார் இனி வெளியே போகாது. அவர் படியில் இறங்கி வருகிறார், அதே நீல ஸ்வெட்டர், கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறது, வராந்தாவில் ஒரு சின்ன வயசுப் பெண், ஷர்மிளாவாகத்தான் இருக்கும், எழுந்து நின்று துப்பட்டாவைத் திருகுகிறாள், பயந்த முகம். அவர் என்னை வாவென்று சொல்லவில்லை, எப்படி ஓட்டி வந்தாய் என்று கேட்கவில்லை, காரைப் பார்த்துக் கேட்கிறார், “இப்படிப் பின்னால நிறுத்துனா நான் எப்படி வண்டி எடுக்கறது?” பதினாலு வருடம் ஏனுங்க, ஏனுங்க என்றே கூப்பிட்டேன். கோர்ட்டில்கூட அவர் பேரை வக்கீல்தான் சொன்னார், நான் ‘அவர்’ என்றேன். “எடுக்கோணும்னா எங்கிட்ட வந்து சொல்லுங்க, மகுடேஸ்வரன். எடுத்து உடறேன்.” சொல்லிவிட்டேன். வாய் ஒன்றும் வெந்துபோகவில்லை. சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவரைத் தாண்டிப் படியேறினேன்.